சல்பைடுக்குள் பூட்டிக்கிடக்கும் தங்கம்: அடம்பிடிக்கும் தாதுவிலிருந்து எடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஃபயர் அசே, அதாவது தாதுவை ஈயத்தோடு உருக்கித் தங்கம் எவ்வளவு என்று அளக்கும் சோதனை, அதன் அறிக்கை டன்னுக்கு 5 கிராம் என்கிறது. அதே தாதுவை நன்றாக அரைத்து சயனைடு கரைசலில் இரண்டு நாள் உருட்டினால் ஒன்றரை கிராம்தான் கரைசலுக்கு வருகிறது. மீதி மூன்றரை கிராம் எங்கே போனது? லேபில் தப்பு, சயனைடு போதவில்லை, இன்னும் ஒரு நாள் விட்டிருக்க வேண்டும் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் அதெல்லாம் இல்லை. தங்கம் எங்கேயும் போகவில்லை, சல்பைடு, அதாவது உலோகமும் கந்தகமும் சேர்ந்த கனிமத்துக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டி உலோகவியல், கனிமவியல் படிக்கிறவர்களுக்கும், லேபில் வேலை பார்க்கிறவர்களுக்கும், ஒரு சிறிய சுரங்கத் திட்டத்தில் பணம் போடலாமா என்று கணக்குப் பார்க்கிறவர்களுக்கும். ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும்: இப்படிப்பட்ட தாதுவில் செலவை முடிவு செய்வது தங்கம் அல்ல, கந்தகமும் ஆர்செனிக்கும்தான். டன்னுக்கு எத்தனை கிராம் தங்கம் என்று எல்லோரும் கேட்கிறார்கள், டன்னுக்கு எத்தனை கிலோ சல்பைடு கந்தகம் என்று கேட்கிற ஆளைத்தான் காணோம்.

அப்புறம், இது கொல்லைப்புறத்தில் செய்கிற வேலை அல்ல. சயனைடு, நைட்ரிக் அமிலம், ஆர்செனிக் புகை, ஈயப் புகை எல்லாம் இதில் உண்டு. உரிமம் உள்ள லேப், புகை இழுக்கும் கூண்டு, பயிற்சி பெற்ற ஆள் இவை மூன்றும் இல்லாமல் கீழே உள்ள எதையும் தொட வேண்டாம். ராஜதிராவகத்தில் கல்லைப் போட்டு பக்கெட்டில் தங்கம் எடுக்கும் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. அமிலச் செலவுக்குக்கூட அதில் தங்கம் வராது, நுரையீரல்தான் போகும்.

ஏன் வர மறுக்கிறது?

1887இல் கிளாஸ்கோவில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் காப்புரிமை எடுத்த சயனைடு முறைதான் இன்றும் உலகத்தின் பெரும்பகுதித் தங்கத்தைக் கரைக்கிறது. அதற்கு வேண்டியது மூன்றே விஷயம்: சயனைடு, ஆக்சிஜன், தங்கத்தின் மேல் கரைசல் படுவதற்கு ஒரு வழி. இந்த மூன்றில் ஏதாவது ஒன்று கெட்டால் தாது அடம்பிடிக்கும். சாதாரணமாக அரைத்து, சாதாரண அளவு சயனைடு போட்டு 90 சதவீதத்துக்கு மேல் வந்தால் அது சொன்னபடி கேட்கும் தாது. 80க்குக் கீழே இறங்கினால் அடம்பிடிக்கும் தாது என்று துறையில் பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள்.

முதல் காரணம் பூட்டு. தங்கம் பைரைட் எனும் இரும்பு சல்பைடுக்குள்ளோ, ஆர்செனிக்கும் சேர்ந்த ஆர்செனோபைரைட்டுக்குள்ளோ அடைபட்டுக் கிடக்கிறது. இதிலும் இரண்டு வகை உண்டு, சர்க்கரைப் பொங்கலில் முந்திரி கிடப்பதற்கும் வெல்லம் கரைந்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். முந்திரி போலத் தனித் துகளாக இருந்தால் இன்னும் நைசாக அரைத்து வெளியே கொண்டுவரலாம். வெல்லம் போலக் கனிமத்தின் படிகத்துக்குள்ளேயே அணு அணுவாகக் கலந்திருந்தால் எவ்வளவு அரைத்தாலும் பிரியாது, கனிமத்தையே உடைத்தாக வேண்டும். அமெரிக்காவின் நெவாடாவில் உள்ள கார்லின் பகுதித் தங்கம் இந்த இரண்டாவது ரகம். நுண்ணோக்கியிலும் கண்ணுக்குத் தெரியாது. 1961இல் கண்டுபிடிக்கப்படும் வரை அந்தப் பாறைகளில் இவ்வளவு தங்கம் இருக்கும் என்று பலர் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது காரணம், தங்கத்துக்குப் போக வேண்டிய சயனைடையும் ஆக்சிஜனையும் இடையில் வேறு கனிமங்கள் தின்றுவிடுவது. பிரோடைட் எனும் இன்னொரு இரும்பு சல்பைடு, சால்கோசைட் போன்ற செப்புக் கனிமங்கள், ஸ்டிப்னைட் எனும் ஆன்டிமனி சல்பைடு ஆகியவை இதில் பேர்போனவை. மூன்றாவது, தாதுவிலேயே இருக்கும் கரிப்பொருள். சயனைடில் கரைந்த தங்கத்தை அது திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், கரைந்தும் பிரயோஜனம் இல்லை. பூட்டும் கரியும் ஒரே தாதுவில் சேர்ந்தால் இரட்டை அடம். நான்காவது டெல்லுரைடு, அதாவது தங்கம் டெல்லூரியத்தோடு சேர்ந்து இருப்பது. சயனைடில் அது மிக மெதுவாகத்தான் கரையும். ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியில் 1890களில் இந்தக் கல்லின் மதிப்பு தெரியாமல் சாலைக் குழிகளை நிரப்பினார்கள், தெரிந்தபின் சாலையையே தோண்டினார்கள் என்று ஒரு கதை அந்த ஊரில் சொல்லப்படுவதுண்டு.

கோலார் தங்கவயலோடு தொடர்புள்ள தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு வந்தால், அங்கே இப்படியெல்லாம் கஷ்டப்படவில்லையே என்பார்கள். உண்மைதான். அங்கே பெரிதும் வெட்டப்பட்ட சாம்பியன் ரீஃப் படிகக்கல்லில் தங்கம் தனித் துகளாகவே கிடந்தது. இடித்து, பாதரசத்தில் பிடித்து, மிச்சத்தைச் சயனைடில் கரைத்தால் வேலை முடிந்தது. அந்த அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ஆர்செனோபைரைட் தாதுவிடம் போனால் ஏமாற்றம்தான்.

படி 1: மாதிரியும் அசேயும்

மாதிரி எடுப்பதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம், இங்கே ஒன்று மட்டும். வெளியே கிடந்து காற்றுப்பட்ட கல்லை எடுத்துச் சோதித்தால் அது ஏற்கெனவே பாதி ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கும், முடிவு நன்றாக வரும், கீழே போனதும் கதை மாறும். மேல்மட்டத் துருக்கல், இடைமட்டம், புதிய சல்பைடு மூன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள், கலக்க வேண்டாம். அரைத்த சல்பைடு மாதிரியையும் மாதக்கணக்கில் மேசையில் வைக்காதீர்கள், அது பையிலேயே பழுதாகும். காற்றுப் புகாமல் கட்டிக் குளிரில் வையுங்கள்.

ஃபயர் அசேயில் சல்பைடு தாது தனித் தொல்லை கொடுக்கும். வழக்கமாக 30 கிராம் மாதிரியோடு லிதார்ஜ் எனும் ஈய ஆக்சைடு, சோடா, வெண்காரம், மணல், கொஞ்சம் கோதுமை மாவு சேர்த்து உருக்குவார்கள். மாவு எதற்கு என்றால் லிதார்ஜிலிருந்து ஈயத்தை இறக்க, அந்த ஈயம்தான் தங்கத்தைச் சேர்த்துக்கொண்டு அடியில் போய் நிற்கும். சல்பைடு தாதுவில் அந்த வேலையைக் கந்தகமே செய்துவிடுவதால் மாவையும் போட்டால் ஈயக் கட்டி தேவைக்கு மேல் பெரிதாகும். அதனால் மாவைக் குறைத்து, தேவைப்பட்டால் வெடியுப்பு சேர்க்க வேண்டும். வார்ப்பு ஆறியபின் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கண்ணாடி போன்ற கசடு சுத்தமாக உதிர்ந்து, கீழே மெத்தென்ற ஈயக் கட்டி வந்தால் சரி. இரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் மினுங்கும், தட்டினால் நொறுங்கும் ஒரு அடுக்கு இருந்தால் அதன் பெயர் மேட். கந்தகம் முழுதாகப் போகவில்லை என்று அர்த்தம். தங்கத்தில் ஒரு பங்கு அதற்குள் போயிருக்கும், அந்த அசே எண்ணை நம்பக் கூடாது, கலவையை மாற்றி மறுபடி உருக்க வேண்டும்.

தங்கத்தோடு சேர்த்து இவற்றையும் கேட்டு வாங்குங்கள்: மொத்தக் கந்தகம், சல்பைடு கந்தகம், ஆர்செனிக், ஆன்டிமனி, செம்பு, டெல்லூரியம், பாதரசம், வெள்ளி, கரிமக் கார்பன், கார்பனேட். மொத்தக் கந்தகமும் சல்பைடு கந்தகமும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். ஜிப்சம், பேரைட் போன்ற சல்பேட் கனிமங்களில் இருக்கும் கந்தகத்துக்கு இனி ஆக்சிஜன் தேவையில்லை, அதைக் கணக்கில் சேர்த்தால் செலவு தப்பாக வரும்.

படி 2: பாட்டில் உருட்டல்

தாதுவைச் சயனைடு கரைசலோடு பாட்டிலில் போட்டு உருட்டிப் பார்க்கும் சோதனை இது. அரைத்த தாது ஒரு கிலோ, 75 மைக்ரானுக்குக் கீழே (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) 80 சதவீதம் போகிற அளவு. அதற்குச் சமமாகத் தண்ணீர், அல்லது கொஞ்சம் கூடுதல். முதலில் சுண்ணாம்பு போட்டு பிஎச் 10.5க்கு மேல் ஏற்றுங்கள். அது நிலையாக நின்றபிறகுதான் சயனைடு, லிட்டருக்கு ஒரு கிராம். இந்த வரிசை மாறவே கூடாது. பிஎச் 9.3ஐ ஒட்டி இறங்கினால் சயனைடில் பாதி விஷவாயுவாக மாறிவிடும், அதன் பாதாம் வாசனை எல்லோர் மூக்குக்கும் தெரியாது, அதனால் மூக்கை நம்பாமல் அளவுகருவியை நம்புங்கள். சல்பைடு தாது சுண்ணாம்பைத் தின்றுகொண்டே இருக்கும், ஆரம்பத்தில் 11 காட்டிய பாட்டில் ஆறு மணி நேரம் கழித்து 9.5க்கு வந்து நிற்பது சகஜம். அடிக்கடி பாருங்கள்.

2, 4, 8, 24, 48 மணி நேரத்தில் கரைசல் எடுத்துத் தங்கம் பார்க்க வேண்டும். கடைசி எண்ணை மட்டும் பார்க்கிறவர்கள்தான் அதிகம், ஆனால் விஷயம் வளைவில்தான் இருக்கிறது. வேகமாக ஏறி 30 சதவீதத்தில் தட்டையாக நின்றுவிட்டால் பூட்டு. 48 மணி நேரத்திலும் மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தால் டெல்லுரைடோ ஆக்சிஜன் பற்றாக்குறையோ. நான்காவது, எட்டாவது மணியில் உச்சம் தொட்டு அப்புறம் இறங்கினால் கரி திருடுகிறது என்று பொருள். அதை உறுதிப்படுத்த, அதே சோதனையை ஆக்டிவேட்டட் கார்பன் துகள்கள் போட்டுத் திரும்பச் செய்யுங்கள். நம் கார்பன் தாதுக் கரியோடு போட்டிபோட்டு தங்கத்தைப் பிடிக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே திருட்டின் அளவு.

சயனைடு செலவு அதிகமாகவும் தங்கம் குறைவாகவும் இருந்தால் இரண்டாவது காரணத்தைச் சந்தேகியுங்கள். பிரோடைட் என்றால் சயனைடு போடும் முன் சுண்ணாம்போடு சில மணி நேரம் காற்று ஊதி, கொஞ்சம் லெட் நைட்ரேட் சேர்த்தால் பல நேரம் அதுவே போதும், பெரிய ஆலை ஒன்றும் வேண்டாம். ஸ்டிப்னைட் இருந்தால் பிஎச்சை ஏற்ற ஏற்ற நிலைமை மோசமாகும், ஏனென்றால் அது காரத்தில் கரைந்து தங்கத்தின் மேல் படலமாகப் படியும்.

படி 3: இன்னும் அரைத்துப் பார்ப்பது

106, 75, 53, 38 மைக்ரான் என்று நான்கு அரைப்பில் அதே சோதனை, முடிந்தால் 10 முதல் 15 மைக்ரானில் ஒன்று. நைசாக ஆக ஆகத் தங்கம் கூடினால் முந்திரி ரகம், அரைத்தே தீர்க்கலாம். அசையாமல் நின்றால் வெல்லம் ரகம். இந்த ஒரு சோதனைக்கு ஆகும் செலவு சொற்பம், இதைச் செய்யாமல் கோடிக்கணக்கில் ஆலை பேசுகிற திட்ட அறிக்கைகளைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

படி 4: தங்கம் எந்தக் கனிமத்தில் எவ்வளவு?

இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. தென்னாப்பிரிக்காவில் வளர்ந்த முறை, டயக்னாஸ்டிக் லீச் என்பார்கள். கருத்து எளிது. ஒரே மாதிரியை எடுத்துக்கொண்டு, கனிமங்களை ஒவ்வொன்றாகக் கரைத்து, ஒவ்வொரு முறையும் சயனைடு போட்டு, அந்தக் கட்டத்தில் புதிதாக எவ்வளவு தங்கம் விடுபட்டது என்று எழுதிக்கொண்டே போவது.

முதலில் வெறும் சயனைடு, கார்பனோடு. இதில் வருவது சுதந்திரத் தங்கம். மிச்சத்தைக் கழுவி, சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் கார்பனேட்டும் பிரோடைட்டும் இன்னும் சிலவும் கரையும். மறுபடி சயனைடு. அடுத்து நைட்ரிக் அமிலம், இதில்தான் பைரைட்டும் ஆர்செனோபைரைட்டும் உடையும், பழுப்பு நிறப் புகை கிளம்பும், புகைக்கூண்டு இல்லாமல் நினைத்தே பார்க்காதீர்கள். மறுபடி சயனைடு. அப்புறம் மிச்சத்தை வறுத்துக் கரியை எரித்துவிட்டு மீண்டும் சயனைடு. கடைசியில் எஞ்சுவது மணலுக்குள், அதாவது சிலிக்காவுக்குள் அடைபட்ட தங்கம், அதை ஃபயர் அசேயில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு அமிலக் கட்டத்துக்கும் சயனைடு கட்டத்துக்கும் நடுவே கழுவுவதில் சோம்பல் பட்டால் உயிருக்கே ஆபத்து. வடிதாளில் இருக்கும் மண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவி, கழுவிய நீரின் பிஎச் நடுநிலைக்கு வரும்வரை விடக்கூடாது. வந்தபின்னும் சுண்ணாம்பில் ஊறவைத்து 10.5 காட்டியபிறகே சயனைடு பக்கம் போக வேண்டும்.

முடிவு எப்படிப் படிப்பது? ஒரு கற்பனைத் தாதுவை எடுத்துக்கொள்வோம்: சுதந்திரத் தங்கம் 30 சதவீதம், ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பின் 5, நைட்ரிக்குக்குப் பின் 55, வறுத்தபின் 4, சிலிக்காவில் 6. இங்கே சல்பைடை உடைத்தால் 90க்கு அருகில் போகலாம், சிலிக்காவில் உள்ள 6 சதவீதம் எந்த ஆலையிலும் வராது. அதுவே நைட்ரிக்கில் 20ம் சிலிக்காவில் 40ம் வந்திருந்தால், சல்பைடை உடைக்கும் அழுத்தக் கலமான ஆட்டோகிளேவ் வாங்குவது வெட்டிச் செலவு, பிரச்சினை கந்தகத்தில் இல்லை. எந்த உபகரணம் வாங்கலாம் என்ற பேச்சு இந்த அட்டவணை கையில் வந்தபிறகுதான் தொடங்க வேண்டும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கி, லேசர் ஆய்வு எல்லாம் கிடைத்தால் நல்லது, பைரைட்டில் எவ்வளவு ஆர்செனோபைரைட்டில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும். இது ஏன் முக்கியம் என்று பாக்டீரியா பகுதியில் வரும்.

படி 5: நுரை மிதப்பு

பூட்டு சல்பைடில்தான் என்று தெரிந்துவிட்டால், தாது முழுவதையும் உடைப்பதற்கு முன் சல்பைடை மட்டும் ஒதுக்கிக்கொள்ள முடியுமா என்று பார்க்க வேண்டும். அதற்கு நுரை மிதப்பு. அமைல் சாந்தேட் சல்பைடின் மேல் ஒட்டி அதைத் தண்ணீர் ஒட்டாததாக மாற்றும், காப்பர் சல்பேட் ஆர்செனோபைரைட்டை உசுப்பிவிடும், நுரைக்கென்று ஒரு ஆல்கஹால். காற்று விட்டால் சல்பைடு குமிழியில் ஒட்டி மேலே வரும், மணல் கீழே தங்கும். நுரை அடர்ந்த சாம்பல் கறுப்பாக உலோக மினுமினுப்போடு வந்தால் சல்பைடு ஏறுகிறது, வெளிறிப்போய் சோப்பு நுரை போலத் தண்ணீராக வந்தால் ஏற வேண்டியது ஏறி முடிந்துவிட்டது.

இப்போது கணக்கு. ஒரு டன் தாதுவில் 5 கிராம் தங்கம், 2 சதவீதம் அதாவது 20 கிலோ சல்பைடு கந்தகம் என்று வையுங்கள். மிதப்பில் மேலே வந்த சல்பைடுச் செறிவு, அதாவது கான்சென்ட்ரேட், 80 கிலோ கிடைத்து, தங்கத்தில் 90 சதவீதமும் கந்தகத்தில் 95 சதவீதமும் அதில் வந்தால், கான்சென்ட்ரேட்டின் தரம் டன்னுக்கு 56 கிராம் தங்கம், கிட்டத்தட்ட 24 சதவீதம் கந்தகம். அடேயப்பா என்று தோன்றும். ஆனால் உடைக்க வேண்டிய கந்தகம் 20 கிலோவிலிருந்து 19க்குத்தான் இறங்கியிருக்கிறது. பைரைட்டில் ஒரு கிலோ கந்தகத்தை முழுதாக ஆக்சிஜனேற்ற சுமார் 1.9 கிலோ ஆக்சிஜன் வேண்டும், வெளிவரும் அமிலத்தையும் இரும்பு சல்பேட்டையும் அடக்க சுமார் 3.1 கிலோ சுண்ணாம்புக்கல் வேண்டும். ஆக ஒவ்வொரு டன் தாதுவுக்கும் 36 கிலோ ஆக்சிஜன், 59 கிலோ சுண்ணாம்புக்கல், மிதக்கவைத்தாலும் வைக்காவிட்டாலும் ஏறக்குறைய அதேதான். மிதப்பு மிச்சப்படுத்துவது தொட்டியின் அளவை, சூடேற்ற வேண்டிய பாறையை, வீணாக அமிலம் தின்னும் கார்பனேட்டை. கந்தகச் செலவை அல்ல. இதைப் புரிந்துகொள்ளாமல் போடும் பட்ஜெட் எல்லாம் பாதியில் படுத்துவிடும்.

மிதப்பில் கீழே தங்கிய மண்ணிலும் அரை கிராம் இருக்கும். அது பெரும்பாலும் சுதந்திரத் தங்கம் என்றால் தனியே சயனைடுக்கு அனுப்பலாம்.

படி 6: சல்பைடை உடைப்பது

வறுத்தல், ஆட்டோகிளேவ், பாக்டீரியா, மீநுண் அரைப்பு என்று நான்கு வழி.

வறுத்தல் பழையது. 600 டிகிரி செல்சியஸை ஒட்டி காற்றில் வறுத்தால் கந்தகம் சல்பர் டை ஆக்சைடாகப் போய்விடும், மிஞ்சும் இரும்பு ஆக்சைடு தேன்கூடு மாதிரித் துளைகளோடு இருக்கும், சயனைடு உள்ளே நுழையும். லேபில் செய்து பார்த்தால் நிறமே சொல்லிவிடும். கறுப்பாக இருந்தால் வேலை பாதியில் நிற்கிறது, சாக்லேட் சிவப்பாக மாறினால் சரி, கெட்டிதட்டி ஊதா கலந்த கறுப்பாக மினுங்கினால் சூடு அதிகமாகி உருகிப்போய்த் துளைகள் மூடிக்கொண்டன, தங்கம் முன்னைவிட மோசமாகப் பூட்டிக்கொண்டது. ஆர்செனிக் இருந்தால் இரண்டு கட்டமாக வறுக்க வேண்டும்: முதலில் 500 டிகிரியை ஒட்டி ஆக்சிஜனைக் குறைவாகக் கொடுத்து ஆர்செனிக்கை ஆவியாக்குவது, அப்புறம் சூட்டையும் காற்றையும் கூட்டிக் கந்தகத்தை முடிப்பது. முதல் கட்டத்திலேயே காற்றைத் தாராளமாக விட்டால் ஆர்செனிக் ஆவியாகாமல் இரும்போடு சேர்ந்து தங்கத்தை மூடிக்கொள்ளும்.

வறுத்தலுக்கு ஒரு பெரிய பலம் உண்டு, கரியையும் சேர்த்தே எரித்துவிடும். இரட்டை அடத்துக்கு இது நல்ல மருந்து, நெவாடாவின் கோல்ட்ஸ்ட்ரைக்கில் 1990 முதல் ஆட்டோகிளேவ் இருந்தும் கரித்தாதுவுக்கென்று 2000இல் தனியாக ஒரு வறுப்பு ஆலை கட்டியது அதனால்தான். பலவீனம் புகை. ஒரு கிலோ கந்தகம் இரண்டு கிலோ சல்பர் டை ஆக்சைடு ஆகும், ஒரு கிலோ ஆர்செனிக் 1.32 கிலோ ஆர்செனிக் டிரை ஆக்சைடு ஆகும். 8 சதவீதம் ஆர்செனிக் உள்ள கான்சென்ட்ரேட் ஒரு டன் வறுத்தால் நூறு கிலோவுக்கு மேல் வெள்ளை நஞ்சுப் பொடி கையில் நிற்கும், அதை வாங்க ஆள் இல்லை. கனடாவின் யெல்லோநைஃப் ஊரில் ஜயன்ட் சுரங்கம் 1949 முதல் அரை நூற்றாண்டு வறுத்ததன் விளைவாக 2,37,000 டன் ஆர்செனிக் டிரை ஆக்சைடு தூசி நிலத்தடி அறைகளில் கிடக்கிறது. அந்தப் பொடி தண்ணீரில் கரையக்கூடியது. அதனால் அந்த அறைகளைச் சுற்றியுள்ள பாறையை உறையவைத்து, உறைந்த நிலையிலேயே காலாகாலத்துக்கும் காத்து வைக்க வேண்டிய நிலை. ஆரம்ப வருடங்களில் புகையைப் பிடிக்கவே இல்லை, 1951இல் பனியை உருக்கிக் குடித்த ஒரு பழங்குடிக் குழந்தை ஆர்செனிக் நஞ்சால் இறந்தது. ஆர்செனிக் உள்ள தாதுவுக்கு இன்று யாராவது மலிவாக வறுத்துத் தருகிறேன் என்றால், அந்தப் பொடியை எங்கே வைப்பாய் என்பதுதான் முதல் கேள்வி.

ஆட்டோகிளேவ் என்பது அழுத்தக் கலம். அரைத்த தாதுவும் தண்ணீரும் கலந்த கூழை 190 முதல் 230 டிகிரி வரை சூடாக்கி, சுத்த ஆக்சிஜனை அழுத்தத்தில் செலுத்தினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சல்பைடு முழுவதும் சல்பேட்டாகிவிடும். ஏன் இவ்வளவு சூடு? குறைந்த சூட்டில் கந்தகம் பாதியில் தனிமமாகப் பிரிந்து, 119 டிகிரிக்கு மேல் உருகித் துகள்களைப் பூசிவிடும், பின்னால் சயனைடையும் தின்னும். கலிஃபோர்னியாவின் மெக்லாஃப்லின் சுரங்கத்தில் 1985இல் தங்கத்துக்காக இதை முதன்முதலில் வணிக அளவில் ஓட்டினார்கள். பிறகு பப்புவா நியூ கினியின் லிஹிர், டொமினிகன் குடியரசின் புவேப்லோ வியஹோ என்று பெரிய சுரங்கங்கள் பின்தொடர்ந்தன. ஆர்செனிக் புகையாகப் போகாமல் இரும்பு ஆர்செனேட்டாகத் திடப்பொருளில் படிவது இதன் பெரிய நன்மை. தங்கம் 90, 95 என்று வரும்.

ஆனால் கவனிக்க நிறைய இருக்கிறது. கார்பனேட் அதிகமுள்ள தாதுவை முதலில் அமிலத்தில் ஊறவைக்காமல் உள்ளே விட்டால் கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தை ஏற்றும், அதை வெளியே விடும்போது விலைகொடுத்து வாங்கிய ஆக்சிஜனும் சேர்ந்து போகும். தண்ணீரில் குளோரைடு இருந்தால் கலத்துக்குள்ளேயே கொஞ்சம் தங்கம் கரைந்து கரியில் ஒட்டிக்கொள்ளும். கரி இதில் சரியாக அழிவதும் இல்லை. வெள்ளி, கலத்தில் உருவாகும் ஜாரோசைட் எனும் இரும்பு சல்பேட் கனிமத்துக்குள் மாட்டிக்கொள்ளும், அதை எடுக்கச் சூடான சுண்ணாம்புப் பாலில் வேகவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் ஆக்சிஜன் ஆலை, டைட்டானியம் வால்வு, அமிலச் செங்கல் பூச்சு என்று முதலீடு தலைசுற்றும். சின்னச் சுரங்கத்துக்கு இது சரிப்படாது.

எனக்கு இந்த நான்கில் மிகப் பிடித்தது பாக்டீரியா வழி. அசிடிதயோபாசில்லஸ், லெப்டோஸ்பிரில்லம் இனங்கள் இரும்பையும் கந்தகத்தையும் ஆக்சிஜனேற்றியே உயிர்வாழ்கின்றன. தென்னாப்பிரிக்காவின் பார்பர்ட்டன் பகுதியில் ஃபேர்வியூ சுரங்கத்தில் 1986இல் தொடங்கிய பயாக்ஸ் முறைதான் முன்னோடி, 1994இல் கானாவின் ஒபுவாசியில் மிகப் பெரிய அளவில் வந்தது. கான்சென்ட்ரேட்டை 20 சதவீதக் கூழாக்கி, பெரிய தொட்டிகளில் 40 முதல் 45 டிகிரியில், பிஎச் 1.2க்கும் 1.8க்கும் நடுவே, கீழிருந்து காற்று ஊதிக்கொண்டே நான்கு முதல் ஆறு நாள் வைப்பார்கள். தீனி என்றால் அம்மோனியம், பொட்டாசியம், பாஸ்பேட், அதாவது ஏறக்குறைய வயலுக்குப் போடும் உரம்தான்.

இங்கே பிரச்சினை சூடேற்றுவது அல்ல, குளிரவைப்பது. சல்பைடு எரியும் வெப்பத்தில் தொட்டி தானாகவே கொதித்துவிடப் பார்க்கும், குளிர்நீர்க் குழாய் ஒரு ராத்திரி நின்றால் போதும், பாக்டீரியா செத்துவிடும், திரும்ப வளர்த்தெடுக்க வாரக்கணக்கில் ஆகும். இன்னொரு எதிரி சயனைடு. ஆலையின் பின்பக்கத்துச் சயனைடு நீரை மிச்சப்படுத்துகிறேன் என்று முன்பக்கம் திருப்பிவிட்டால், அதில் உள்ள சயனைடும், சயனைடு கந்தகத்தோடு சேர்ந்து உண்டாகும் தயோசயனேட்டும் மிகச் சிறு அளவிலேயே பாக்டீரியாவை முடித்துவிடும். இரண்டு பக்கத்துத் தண்ணீரும் ஒருபோதும் கலக்காத மாதிரி குழாய் போட வேண்டும்.

முன்னால் சொன்ன பைரைட்டா ஆர்செனோபைரைட்டா கேள்வி இங்கேதான் பணமாகிறது. பாக்டீரியா ஆர்செனோபைரைட்டை முதலில் உடைக்கும், பைரைட் பின்னால்தான். தங்கம் பெரும்பாலும் ஆர்செனோபைரைட்டில் இருந்தால் கந்தகத்தை முழுதாக உடைக்கத் தேவையில்லை, பாதி வழியிலேயே தங்கம் வந்துவிடும், காற்றும் சுண்ணாம்புக்கல்லும் அந்த அளவுக்கு மிச்சம்.

மீநுண் அரைப்பு முந்திரி ரகத்துக்கும் டெல்லுரைடுக்கும். கல்கூர்லியில் கிட்ஜி என்ற இடத்தில் 1989 முதல் ஓடிய வறுப்பு ஆலையை 2015இல் நிறுத்திவிட்டு, கான்சென்ட்ரேட்டை 10 மைக்ரானை ஒட்டி அரைத்துச் சயனைடில் போடும் முறைக்கு மாறினார்கள். புகையே கிடையாது. வெல்லம் ரகத்துக்கு இது மட்டும் போதாது. நைசாக அரைத்தபின் சாதாரணக் காற்றழுத்தத்தில் சூடான கூழில் ஆக்சிஜன் செலுத்தி உடைக்கும் ஆல்பியன் முறை இதற்கும் ஆட்டோகிளேவுக்கும் நடுவில் நிற்கிறது.

எதை எடுப்பது? என் கணிப்பு இது: ஆர்செனிக் உள்ள, சிறிய, நடுத்தரச் சுரங்கத்துக்குப் பாக்டீரியா. பெரிய சுரங்கம், பைரைட், பணபலம் என்றால் ஆட்டோகிளேவ். கரி அதிகம், ஆர்செனிக் குறைவு, பக்கத்தில் கந்தக அமிலம் வாங்க ஆள் உண்டு என்றால் வறுத்தல்.

படி 7: உடைத்தபின் சயனைடு

உடைத்த கூழ் கடும் அமிலம். திடப்பொருளைத் தெளியவைத்து, எதிரோட்டத்தில் இரண்டு மூன்று முறை கழுவி, அமிலத்தையும் இரும்பையும் ஆர்செனிக்கையும் தனியே பிரித்தபின்தான் சுண்ணாம்பு. கழுவாமல் நேரடியாகச் சுண்ணாம்பு கொட்டினால் செலவும் கூடும், ஜிப்சம் எல்லாவற்றையும் பூசிக்கொள்ளும். அப்புறம் வழக்கமான சயனைடு, கார்பன் தொட்டிக்குள்ளேயே இருக்கும்படி. பாக்டீரியா கூழில் சயனைடு செலவு ஆட்டோகிளேவ் கூழைவிட அதிகமாகவே வரும், உடையாமல் மிஞ்சிய கந்தகம் தயோசயனேட்டாக மாறித் தின்பதுதான் காரணம்.

கரி இன்னும் திருடுகிறது என்றால் கொஞ்சம் மண்ணெண்ணெய் சேர்த்து அதன் மேற்பரப்பை மழுங்கடிக்கும் பழைய வித்தை உண்டு, ஓரளவு வேலை செய்யும். அதுவும் போதாவிட்டால் சயனைடையே விட்டுவிட வேண்டியதுதான். கோல்ட்ஸ்ட்ரைக்கில் 2014 முதல் சில ஆண்டுகள், ஆட்டோகிளேவில் உடைத்த கரித்தாதுவை கால்சியம் தயோசல்பேட்டில் கரைத்து ரெசினில் பிடித்தார்கள், தயோசல்பேட்டில் கரைந்த தங்கத்தைக் கரி உறிஞ்சுவதில்லை. ஆனால் அது சிறிய ஆலை சமாளிக்கக்கூடிய வேதியியல் அல்ல.

படி 8: மிச்சத்தை என்ன செய்வது

கழுவிய அமில நீரில் உள்ள ஆர்செனிக்கை இரும்போடு சேர்த்துப் படியவைக்க வேண்டும். எடையில் அல்ல, அணுக்களின் எண்ணிக்கைக் கணக்கில் இரும்பு ஆர்செனிக்கைவிட மூன்று மடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும், பிஎச்சை முதலில் 4, 5 வரை சுண்ணாம்புக்கல்லால் ஏற்றி, அப்புறம் 7, 8க்குச் சுண்ணாம்பால் கொண்டுபோனால் படிவு நிலையாக நிற்கும். இரும்பு குறைவான தாது என்றால் வெளியிலிருந்து சேர்க்க வேண்டும், அந்தச் செலவையும் முதலிலேயே எழுதுங்கள்.

சயனைடு கழிவை சல்பர் டை ஆக்சைடும் காற்றும் செலுத்தி, செம்பை ஊக்கியாக வைத்து அழிப்பது வழக்கமான முறை. கழிவு அணைக்குப் போகும் கூழில் பலவீன அமிலத்தில் பிரியக்கூடிய சயனைடு லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச சயனைடு விதிமுறையின் அளவு. 2000 ஜனவரி 30 அன்று ருமேனியாவின் பாயா மாரேயில் கழிவு அணை உடைந்து ஒரு லட்சம் கனமீட்டர் சயனைடு நீர் டிசா ஆற்றிலும் டான்யூபிலும் கலந்து, மீன்கள் கூண்டோடு மடிந்தன. அணையின் வடிவமைப்பை ஆலையின் வடிவமைப்புக்குப் பின்னால் யோசிக்கிற பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது.

படி 9: ஆலையே வேண்டாம் என்றால்

வருடத்துக்குச் சில ஆயிரம் டன் கான்சென்ட்ரேட்தான் வரும் என்றால், மிதப்போடு நிறுத்திக்கொண்டு கான்சென்ட்ரேட்டையே விற்றுவிடுவது பல நேரம் புத்திசாலித்தனம். வாங்குகிறவர் தங்கம் முழுவதற்கும் பணம் தர மாட்டார், ஒரு பங்கைக் கழித்துக்கொள்வார், ஆர்செனிக்கும் ஆன்டிமனியும் ஒரு அளவைத் தாண்டினால் டன்னுக்கு இவ்வளவு என்று அபராதம் போடுவார், இன்னும் தாண்டினால் வாங்கவே மாட்டார். அதனால் மிதப்புச் சோதனையின்போதே ஆர்செனிக்கை எவ்வளவு தூரம் கீழே அழுத்திவைக்க முடியும் என்று பாருங்கள். ஈரப்பதத்தையும் மறக்க வேண்டாம், எடை போடும்போது 10 சதவீதம் தண்ணீர் என்றால் அந்தத் தண்ணீருக்கும் லாரி வாடகை நீங்கள்தான் கட்டுகிறீர்கள். எடையும் மாதிரி எடுப்பதும் இரு தரப்பு ஆட்களும் நிற்க நடக்கட்டும். ஒரே மாதிரியை மூன்றாகப் பிரித்து, ஒன்று உங்களுக்கு, ஒன்று அவர்களுக்கு, மூன்றாவதை இருவர் முத்திரையோடும் ஒதுக்கி வையுங்கள். இரண்டு லேபின் எண்ணும் ஒத்துப்போகாதபோது மூன்றாவது லேபுக்கு அனுப்ப அந்தப் பை இருக்க வேண்டும். அந்த லேப் எது என்பதையும் ஒப்பந்தத்தில் கையெழுத்து போடும் முன்பே எழுதிவிடுங்கள்.